பெருந்தீப் புகை வளிமண்டலத்தை என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுத்தீ, புல்வெளித் தீ, பீட் (முழுதும் மக்காத தாவர எச்சம் சேர்ந்த சதுப்பு மண்) நிலத் தீ, எண்ணெய்க் கிணற்றுத் தீ ஆகியவற்றின் புகை வானிலையையும் காலநிலையையும் எப்படி மாற்றுகிறது என்பது பற்றிய கேள்விகள் இவை. உடல்நலக் கேடு தனிப் பொருள். அதற்குள் இங்கே போகவில்லை.

புகை என்றால் கரித்தூள்தானே?

கரித்தூள் அதில் மிகச் சிறிய பங்கு. ஒரு கிலோ உலர்ந்த மரமோ புல்லோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். எரித்த எடையைவிட இது அதிகமாக இருப்பதற்குக் காரணம், காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து சேர்வதே. இதோடு ஏறக்குறைய அரைக் கிலோ நீராவி, 60 முதல் 130 கிராம் கார்பன் மோனாக்சைடு, சில கிராம் மீத்தேன், சில கிராம் நைட்ரஜன் ஆக்சைடுகள், நூற்றுக்கணக்கான ஆவியாகும் கரிமச் சேர்மங்கள். திண்மத் துகளாக வருவது 5 முதல் 20 கிராம்தான். வானத்தை மூடுவது இந்தக் கையளவுத் துகள். அதிலும் பெரும்பகுதி பாதி எரிந்த கரிமப் பொருள்; ஒளியை நன்றாக உறிஞ்சும் கறுப்புக் கார்பன் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

தீ எரியும் விதத்தைப் பொறுத்து இந்தக் கலவை மாறும். கொழுந்துவிட்டு எரிந்தால் கறுப்புக் கார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். கனன்று புகைந்தால் கார்பன் மோனாக்சைடும் வெளிறிய கரிமத் துகளும் கூடும். பீட் நிலம் பெரும்பாலும் கனன்றே எரிகிறது. அங்கே கிலோவுக்குக் கார்பன் மோனாக்சைடு 200 கிராமைத் தாண்டும். கறுப்புக் கார்பன் அநேகமாக இருக்காது. எனவே ‘புகை’ என்ற ஒரே சொல்லுக்கு ஒரே காலநிலை விளைவைத் தேடுவது வீண்.

புகை பூமியைச் சூடாக்குகிறதா, குளிர்விக்கிறதா?

இரண்டும் நடக்கிறது, ஆனால் வெவ்வேறு கால அளவில். துகள்கள் தாழ்ந்த காற்றில் சில நாள் முதல் ஒன்றிரண்டு வாரம் வரை நிற்கும், மழையோடு இறங்கிவிடும். கார்பன் மோனாக்சைடு ஒன்றிரண்டு மாதம் இருக்கும். மீத்தேனுக்குப் பத்தாண்டு அளவு. கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் தங்கும். ஆக, தீ எரியும் வாரத்தில் கீழே இருப்பவருக்கு வெயில் குறைந்து குளிரும். புகை மறைந்த பிறகு மிஞ்சுவது வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு மட்டும்.

அந்த வாயுவும் எரிந்தது என்ன என்பதைப் பொறுத்தது. சவானா எனப்படும் வெப்பமண்டலப் புல்வெளியின் புல் அடுத்த பருவத்திலேயே முளைத்து, விட்ட கார்பனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. காடு அதை எடுக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். பீட் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆனது. எரிந்த பீட்டின் கார்பனை மனிதக் கால அளவில் திரும்பாத கணக்கில்தான் எழுத வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு நேரடியாக வெப்பத்தைப் பிடிப்பது சொற்பம். ஆனால் காற்றைச் சுத்தம் செய்யும் ஹைட்ராக்சில் மூலக்கூறை அது தின்றுவிடுகிறது. அதே ஹைட்ராக்சில்தான் மீத்தேனையும் அழிக்க வேண்டும். ஆகவே பெரிய தீப் பருவத்துக்குப் பின் ஏற்கெனவே காற்றில் இருந்த மீத்தேனின் ஆயுளும் கொஞ்சம் நீள்கிறது. பலர் கணக்கில் சேர்க்க மறக்கும் விளைவு இது.

புகை மூடினால் தரையில் வெப்பநிலை எவ்வளவு குறையும்?

வழக்கமான அடர்த்தியில் சில டிகிரி. புகை வெளியேற வழியில்லாத பள்ளத்தாக்கில் அது மிகவும் கூடும். 1987 செப்டம்பரில் வட கலிபோர்னியாவின் கிளாமத் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு வாரம் பகல் உச்ச வெப்பநிலை இயல்பைவிட 15 டிகிரி செல்சியசுக்கும் மேல் குறைந்திருந்தது. அங்கே நடந்தது ஒரு சுழல். மேலே வெதுவெதுப்பான காற்று, கீழே குளிர்ந்த காற்று என்ற தலைகீழ் அடுக்கு புகையை உள்ளே பூட்டியது. புகை வெயிலைத் தடுத்ததால் தரை சூடாகவில்லை. தரை சூடாகாததால் தலைகீழ் அடுக்கு உடையவில்லை. வெளியிலிருந்து காற்றோட்டம் மாறினால்தான் இப்படிப்பட்ட பூட்டு திறக்கும். புகையைக் கணக்கில் எடுக்காத வானிலை முன்னறிவிப்பு பகல் வெப்பத்தைக் கூட்டிச் சொல்லிப் பிழைபடுவதும் இதனால்தான்.

இரவில் புகை போர்வை போல வெப்பத்தைப் பிடித்து வைக்காதா?

பெரிதாக இல்லை. புகைத் துகளின் விட்டம் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மைக்ரோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர், அதைச் சிதறடிக்க இந்த அளவு போதும். தரை வெளியிடும் வெப்பக் கதிரோ 10 மைக்ரோமீட்டரை ஒட்டியது. அவ்வளவு நீண்ட அலை இத்தனை சிறிய துகளைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகிறது. பகலில் வெயில் உள்ளே வராது, இரவில் வெப்பம் வெளியே போகும். மேகத்துக்கும் புகைக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுதான்.

‘ஒளியியல் தடிமன்’ என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரையுள்ள துகள்கள் அனைத்தும் சேர்ந்து ஒளியை எவ்வளவு தடுக்கின்றன என்பதன் அளவு அது. தெளிந்த காற்றில் 0.1 அல்லது அதற்கும் கீழே. சூரியன் நேர் உச்சியில் இருக்கையில், தடிமன் 1 என்றால் நேர்க்கதிரில் 37 சதவீதம் கீழே வரும்; 2 என்றால் 14 சதவீதம்; 3 என்றால் 5 சதவீதம். சூரியன் தொடுவானிலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருந்தால் பாதை இரட்டிப்பாகும். தடிமன் 1 அப்போது 2 போல வேலை செய்யும். இது நேர்க்கதிருக்கு மட்டும். தடைபட்ட ஒளியில் நல்ல பங்கு சிதறி, வானம் முழுவதிலிருந்தும் வந்து சேரும். மெல்லிய புகையில் சில காடுகளின் ஒளிச்சேர்க்கை கூடுவதற்குக் காரணம் இந்தச் சிதறிய ஒளி மர நிழலுக்குள்ளும் புகுவதே. புகை அடர்ந்தால் அந்த லாபம் நின்றுவிடும்.

கவனிக்க வேண்டிய இரண்டு இடறல்கள் உண்டு. முதலாவது, இது நெடுக்குவாட்டு மொத்தம். 4 கிலோமீட்டர் உயரத்தில் புகை தனி அடுக்காக மிதந்தால் செயற்கைக்கோள் வரைபடம் செக்கச்செவேல் என்றிருக்கும், தரைக் காற்று சுத்தமாக இருக்கும். உயரத்தை அறிய லேசர் ரேடாரான லைடார் வேண்டும். 2006 முதல் 2023 வரை கலிப்சோ செயற்கைக்கோள் அந்த வேலையைச் செய்தது. இரண்டாவது, மிக அடர்ந்த புகையைக் கணிப்பு நிரல் மேகம் என்று நினைத்து ஒதுக்கிவிடும். வரைபடத்தில் புகையின் நட்டநடுவே வெற்றிடம் தெரிந்தால் அங்கே காற்று தெளிவு என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அதுதான் மிக மோசமான இடம்.

எவ்வளவு எரிந்தது என்பது முக்கியமா, புகை எவ்வளவு உயரம் போனது என்பதா?

வாயுக்களுக்கு எரிந்த அளவு முக்கியம். துகள்களுக்கு உயரமே எல்லாம். பெரும்பாலான தீகளின் புகை முதல் சில கிலோமீட்டருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மிகக் கடும் தீ மட்டும் தனக்கென இடிமேகம் கட்டுகிறது. பைரோ-குமுலோநிம்பஸ் எனப்படும் இதைத் தீமேகம் என்று வைத்துக்கொள்வோம். தீயின் வெப்பம் காற்றை மேலே தள்ளுகிறது. ஏறும் காற்று குளிர்ந்து நீராவி சுருங்கி நீர்த்துளியாகிறது. சுருங்கும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பம் ஏற்றத்தை மேலும் முடுக்குகிறது. நடு உயரத்தில் ஈரமும் நிலையின்மையும் இருந்தால், 10 கிலோமீட்டருக்கு மேல் உள்ள எல்லையைத் துளைத்து, பாடநூல்கள் மீள் அடுக்கு என்று சொல்லும் ஸ்ட்ராடோஸ்பியருக்குள் புகை நுழைந்துவிடும்.

சாதாரண இடிமேகத்தில் ஏறும் அழுக்கை மழை கழுவிவிடும். தீமேகத்தில் அது சரிவர நடப்பதில்லை. புகைத் துகள்கள் அளவுக்கு மீறி இருப்பதால் நீர் எண்ணற்ற நுண்துளிகளாகப் பிரிந்து, மழைத்துளி ஆகும் அளவுக்குப் பருக்காது. தரைக்கு மழை வராது, மின்னல் வரும். அந்த உலர் மின்னல் முன்னே போய்ப் புதிய தீயை மூட்டுவதும் உண்டு.

ஸ்ட்ராடோஸ்பியருக்குப் போன புகை என்ன ஆகிறது?

அங்கே மழை இல்லை. ஆயுள் வாரங்களிலிருந்து மாதங்களுக்குத் தாவுகிறது. 2017 ஆகஸ்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எழுந்த தீமேகங்கள் சுமார் 3 லட்சம் டன் புகையை 12 கிலோமீட்டர் உயரத்தில் விட்டன. இரண்டு மாதத்தில் அது 23 கிலோமீட்டருக்கு ஏறிவிட்டது. ஏற்றியது தீயல்ல, சூரியன். அதில் 2 சதவீதம் அளவே இருந்த கறுப்புக் கார்பன் வெயிலை உறிஞ்சிச் சுற்றுக் காற்றைச் சூடாக்க, அந்தக் காற்று புகையையும் தூக்கிக்கொண்டு எழுந்தது. எரிமலையின் கந்தக வாயுவிலிருந்து உண்டாகும் சல்பேட் துகளுக்கு இந்தத் திறமை இல்லை.

2019-20 கோடையில் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் நடந்தது இதைவிடப் பெரிது. ஒரு புகைத் திரள் சுமார் 1,000 கிலோமீட்டர் அகலமுள்ள சுழலாக உருண்டு, கலையாமல் தெற்கு அரைக்கோளத்தைச் சுற்றியபடி 35 கிலோமீட்டர் வரை ஏறியது. சூடான புகை தனக்கான காற்றுச் சுழற்சியை உருவாக்க, அந்தச் சுழற்சி புகையைச் சிதறாமல் காத்தது. 1991-இல் பிலிப்பைன்சின் பினடுபோ எரிமலை வெடித்த காலத்துக்குப் பின் காணாத அளவுக்கு ஸ்ட்ராடோஸ்பியரின் கீழ்ப்பகுதி அந்த ஆண்டு சூடானது.

எரிமலை பூமியைக் குளிர்விப்பது போல இதுவும் குளிர்விக்குமா?

திசை ஒன்று, அளவு வேறு. பினடுபோ சுமார் 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடை மேலே அனுப்பியது. உலகச் சராசரி வெப்பநிலை அரை டிகிரி அளவுக்குக் குறைந்தது. ஆஸ்திரேலியப் புகை மேலே போனது 10 லட்சம் டன்னுக்குள்தான். மேலும் சல்பேட் ஒளியைத் திருப்பி அனுப்பும். புகை ஒரு பங்கைத் தானே விழுங்கும். தரைக்கு வரும் வெயில் குறைந்தது உண்மை, ஆனால் உலகச் சராசரியில் பளிச்சென்று தெரியும் பள்ளம் விழவில்லை.

ஓசோன் படலத்துக்கு ஆபத்து உண்டா?

உண்டு, அண்மைக் காலத்தில் தெரியவந்த விஷயம் இது. 2020-இல் தெற்கு நடு அட்சரேகைப் பகுதிகளில் மொத்த ஓசோன் 3 முதல் 5 சதவீதம் குறைந்ததை ஆஸ்திரேலியப் புகையோடு இணைத்து 2023-இல் ஆய்வு வெளியானது. ஸ்ட்ராடோஸ்பியரில் குளோரின் பெரும்பாலும் ஹைட்ரஜன் குளோரைடாக, சும்மா இருக்கும். அதை எழுப்ப வழக்கமாக அண்டார்க்டிகாவின் கடுங்குளிர் தேவை. புகையின் கரிம அமிலங்கள் பூசிய துகளில் ஹைட்ரஜன் குளோரைடு அவ்வளவு குளிர் இல்லாமலேயே கரைகிறது. அங்கு வினைபுரிந்து ஓசோனை அழிக்கும் குளோரினாக வெளியேறுகிறது. குளோரோஃபுளோரோகார்பன்களைத் தடை செய்த மான்ட்ரியல் உடன்படிக்கையால் கிடைத்து வரும் மீட்சியைப் பெருந்தீகள் தாமதப்படுத்தக்கூடும் என்ற கவலை இங்கிருந்துதான் வருகிறது.

தரைக்கு அருகே கதை நேர்மாறு: நைட்ரஜன் ஆக்சைடும் கரிம ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன. அங்கே அது மாசு.

புகை மழையைக் குறைக்குமா?

சூடான, ஆழமில்லாத மேகத்தில் குறைக்கும். ஒரு மழைத்துளிக்கு ஏறக்குறைய பத்து லட்சம் மேகத் துளிகள் சேர வேண்டும். துளிகளின் ஆரம் 14 மைக்ரோமீட்டர் அளவை எட்டினால்தான் மோதிச் சேர்வது வேகம் பிடிக்கும். புகை நிறைந்த மேகத்தில் அதே நீர் அதிகத் துளிகளுக்குப் பங்காகிறது. எதுவும் அந்த அளவைத் தொடுவதில்லை. அமேசான், இந்தோனேசியத் தீக்காலங்களில் இதைச் செயற்கைக்கோள்கள் கண்டிருக்கின்றன. ஆழமான இடிமேகத்தில் நிலைமை வேறு: பெய்யாத நீர் உறைநிலைக்கு மேலே போய்ப் பனியாகி, பின்னால் வலுவாகக் கொட்டலாம். ஆகவே ‘புகை இருந்தால் மழை இல்லை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு.

புகை எதன்மேல் நிற்கிறது என்பதும் கணக்கு. இருண்ட கடல்மேல் நின்றால் ஒளியைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கும். வெண்மையான மேகத்தின் மேல் நின்றால் திரும்ப வேண்டிய ஒளியை விழுங்கிச் சூடாக்கும். ஆப்பிரிக்கப் புல்வெளித் தீயின் புகை ஆண்டுதோறும் தென்கிழக்கு அட்லாண்டிக்கின் தாழ்மேகங்களுக்கு மேல் படிகிறது. நாசா 2016 முதல் 2018 வரை ஒராக்கிள்ஸ் என்ற பெயரில் விமானங்களை அனுப்பி ஆராய்ந்தது இந்தப் பகுதியைத்தான்.

பனியில் படிந்தால்?

புதுப்பனி 80 முதல் 90 சதவீத ஒளியைத் திருப்பும். கறுப்புக் கார்பன் மிகச் சிறிதளவு கலந்தாலும் அது குறைந்து, பனி சீக்கிரம் உருகும். உருகிய பனி மேலும் கருத்து, மேலும் உறிஞ்சும். கடலில் விழும் சாம்பல் வேறு வேலை செய்கிறது: ஆஸ்திரேலியப் புகையிலிருந்த இரும்பு தெற்குப் பெருங்கடலில் மிதவைத் தாவரங்களைப் பெருமளவில் பெருகச் செய்தது.

சூரியன் சிவப்பாகத் தெரிகிறது, சில வேளை நீலமாகவும். ஏன்?

நுண்துகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் நமக்குச் சிவப்பு மிஞ்சுகிறது. 2023 ஜூனில் நியூயார்க் வானம் ஆரஞ்சாக மாறியது கனடியப் புகையால், இதே காரணத்தால். நீலம் அரிது: துகள்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே அளவில், ஒளியின் அலைநீளத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். அப்போது சிவப்பு அதிகம் சிதறும். 1950 செப்டம்பர் இறுதியில் மேற்குக் கனடாவின் தீப் புகை அட்லாண்டிக்கைக் கடந்தபோது பிரிட்டனிலும் நீலச் சூரியனையும் நீல நிலாவையும் பார்த்தார்கள்.

குவைத்தில் 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்தும் உலகக் காலநிலை மாறவில்லையே?

1991-இல் பெரிய அளவிலான குளிர்ச்சி வரும் என்று எச்சரித்தவர்களில் அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகனும் ஒருவர். வரவில்லை, காரணம் உயரம். புகை பெரும்பாலும் 5 அல்லது 6 கிலோமீட்டருக்குள் நின்றது. உப்பும் கந்தகமும் கலந்த துகள்கள் நீரை எளிதில் ஈர்த்துச் சில நாளில் கழுவப்பட்டன. வளைகுடாவில் பகல் வெப்பம் பல டிகிரி குறைந்ததோடு விளைவு முடிந்தது. இதை வைத்து ‘அணுக் குளிர்காலம்’ (அணுப்போரில் எரியும் நகரங்களின் புகை உலகையே குளிர்விக்கும்) என்ற கருத்தே பொய் என்று சிலர் வாதிடுகிறார்கள். அது அவசர முடிவு. கிணறுகள் புள்ளிப் புள்ளியாக எரிந்தன. பரந்த நகரமோ காடோ ஒரே சமயத்தில் எரிந்தால் எழும் ஏற்றம் வேறு. 2017-உம் 2020-உம் காட்டியது, மேலே போய்ச் சேர்ந்த புகை தானாக இன்னும் ஏறும் என்பதை.

ஒரு தீயின் வெளியேற்றத்தை நானே கணக்கிட முடியுமா?

முடியும். நான்கு எண்களைப் பெருக்க வேண்டும்: எரிந்த பரப்பு, ஹெக்டேருக்கு உலர் எரிபொருள் எடை, அதில் உண்மையில் எரிந்த பங்கு, ஒரு கிலோவுக்கு வெளிவரும் வாயு அல்லது துகள். எடுத்துக்காட்டாக 1,000 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 60 டன், அதில் 30 சதவீதம் எரிந்தது என்றால் 18,000 டன் எரிபொருள். கார்பன் டை ஆக்சைடு 28,800 டன். கிலோவுக்கு 100 கிராம் வைத்தால் கார்பன் மோனாக்சைடு 1,800 டன். 15 கிராம் வைத்தால் துகள் 270 டன்.

பிழை வழக்கமாக மூன்று இடங்களில் நுழைகிறது. தீயின் வெளிவிளிம்பை வரைந்து உள்ளே எரியாமல் விடுபட்ட திட்டுகளையும் பரப்பில் சேர்ப்பது ஒன்று. நின்ற மரம் முழுதும் சாம்பலானதாக எடுத்துக்கொள்வது இன்னொன்று. தடித்த தண்டு பெரும்பாலும் கருகி நிற்கும், எரிவது இலையும் சுள்ளியும் சருகுமே. மூன்றாவது, மிக மோசமானது, பீட்டின் ஆழம். பீட்டின் உலர் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 100 கிலோ என்று எடுத்தால், ஆழத்தில் 10 சென்டிமீட்டர் தவறுவது ஹெக்டேருக்கு 100 டன் தவறு. 1997 இந்தோனேசியத் தீயின் கார்பன் மதிப்பீடு 81 கோடி டன் முதல் 257 கோடி டன் வரை விரிந்து கிடப்பதற்கு எரிந்த பரப்பும் ஆழமும் உறுதியாகத் தெரியாததே காரணம்.

எண்களை ஒப்பிடும்போது இன்னொன்று: கார்பன் எடையும் கார்பன் டை ஆக்சைடு எடையும் ஒன்றல்ல. முன்னதை 3.67-ஆல் பெருக்கினால் பின்னது. 2023 கனடியத் தீ சுமார் 65 கோடி டன் கார்பனை வெளியிட்டது. கார்பன் டை ஆக்சைடாகச் சொன்னால் சுமார் 240 கோடி டன். செய்திகளில் இரண்டும் கலந்து வருவதைப் பார்க்கலாம்.

உலகில் தீ கூடிக்கொண்டே போகிறதா?

எரியும் மொத்தப் பரப்பு கூடவில்லை. 1998 முதல் 2015 வரை அது கால்பங்கு குறைந்தது. முக்கியமாகச் சவானாக்கள் விளைநிலமானதால். ஆனால் எரியும் இடம் மாறுகிறது. புல்லில் குறைந்து காட்டில் கூடுகிறது. 2001-க்குப் பின் காட்டுத்தீயால் வரும் கார்பன் வெளியேற்றம் சுமார் 60 சதவீதம் ஏறியதாக 2024-இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. அடுத்த மழையில் திரும்ப வளரும் கார்பனுக்குப் பதில், திரும்ப வரப் பல பத்தாண்டுகள் ஆகும் கார்பன் எரிகிறது. தீமேகம் கட்டும் வலு உள்ளதும் காட்டுத்தீதான்.

புகை குளிர்விக்கிறது என்றால், அதை வேண்டுமென்றே மேலே அனுப்பலாமா?

கூடாது. புகை ஓசோனைத் தின்னும், ஸ்ட்ராடோஸ்பியரைச் சூடாக்கிக் காற்றோட்டத்தைக் கலைக்கும், பனியைக் கருக்கும். சூரிய ஒளியைத் தடுத்துப் பூமியைக் குளிர்விப்பது பற்றி யோசிப்பவர்கள்கூட சல்பேட்டையும் சுண்ணாம்புத் துகளையும்தான் முதன்மையாக ஆராய்கிறார்கள்.